வெரிகோஸ் வருத்தத்துக்கு ட்ரயலில் சேர்வதா, கிளினிக் வரிசையில் நிற்பதா?

காலில் இரத்த நாளம் புடைத்து, பின்னேரமானால் கணுக்கால் வீங்கி, இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிற ஒருவரிடம் "இதுக்கு ஒரு ஆய்வு நடக்குது, சேருறீங்களா?" என்று டொக்டர் கேட்டால் நம் ஊரில் இரண்டு விதமான பதில்தான் வரும். "எங்களை வச்சுப் பரிசோதிச்சுப் பாக்கப் போறாங்கள், வேண்டாம்" என்பது ஒன்று. "டொக்டர் சொன்னாச் சரிதான்" என்று உடனே கையெழுத்துப் போடுவது மற்றது. இரண்டிலுமே ஒரு வேலை விடுபட்டுப் போகிறது. அந்த ட்ரயல், அதாவது நோயாளிகளோடு நடத்தும் ஆய்வு, எதைத் தருகிறது, அது இல்லாமலே நமக்கு என்ன கிடைக்கும் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் பார்ப்பதில்லை. திருகோணமலையில் இருக்கிறவருக்கு அந்தக் கணக்கு கொழும்பில் இருக்கிறவருடைய கணக்கும் அல்ல. தூரம், வெயில், வேலை எல்லாம் அதில் சேர வேண்டும்.

முதலில் வருத்தத்தைப் பற்றிக் கொஞ்சம். காலில் இருந்து இரத்தத்தை மேலே கொண்டுபோகும் நாளங்களுக்குள் சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன. அவை சரியாக மூடாவிட்டால் இரத்தம் கீழே திரும்பி வழிந்து, தேங்கி, நாளம் புடைத்துச் சுருளும். அதுதான் வெரிகோஸ். குடும்ப வழி, வயது, பிள்ளைப்பேறு, உடற்பருமன், மணிக்கணக்காக நின்று செய்யும் வேலை எல்லாம் இதற்குத் துணைபோகும். வகுப்பில் நிற்கும் ஆசிரியர்கள், வோர்ட்டில் நடக்கும் தாதியர், நிலாவெளி ஹோட்டல் சமையலறைகளில் வேலை செய்வோர், சந்தையில் மீன் வெட்டுவோர் என்று இந்த மாவட்டத்தில் கால் கடுக்க நிற்பவர்களுக்குக் குறைவில்லை.

டொக்டர்மார் இந்த வருத்தத்தைப் படிநிலையாகப் பிரிப்பார்கள். சி2 என்றால் புடைத்த நாளம் மட்டும். சி3 வீக்கம். சி4 என்றால் கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்துத் தடிக்கத் தொடங்கிவிட்டது. சி5 ஆறிய புண், சி6 ஆறாத புண். உங்கள் கால் எந்தப் படியில் நிற்கிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ட்ரயலில் சேர முடியுமா என்பதையும், சேர வேண்டுமா என்பதையும் பெரும்பாலும் அந்த எண்தான் தீர்மானிக்கும்.

ட்ரயல் இல்லாமல் நமக்கு இருப்பவை என்ன? ஆகக் குறைந்த செலவு ஸ்டொக்கிங்ஸ். காலை இறுக்கிப் பிடிக்கும் அந்த நீள உறையைக் காலையில் எழும்பியதும் போட்டு, படுக்கும்போது கழற்ற வேண்டும். காலை அளந்து வாங்க வேண்டும், கண்மட்டத்தில் வாங்கக் கூடாது. வேதனையும் வீக்கமும் குறையும், ஆனால் கெட்டுப்போன வால்வை அது திருத்தாது. ஜூன், ஜூலை மாதங்களில் கச்சான் காற்று அனலாக அடிக்கும்போது முழங்கால் வரை இறுக்கமான உறையோடு ஒரு முழு நாள் வேலை செய்வது எவ்வளவு கஷ்டம் என்பது போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பலர் வாங்கி வைத்துவிட்டுப் போடாமலே விடுகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்று: சீனி வருத்தம் உள்ளவர்களும், நடக்கும்போது கால் நாடி அடைப்பால் வலி வருபவர்களும் பாதத்து இரத்த ஓட்டத்தைச் சோதிக்காமல் இறுக்கமான ஸ்டொக்கிங்ஸ் போடக் கூடாது. ஏற்கெனவே இரத்தம் போதாத கால் இன்னும் கெட்டுவிடும்.

அடுத்தது அரசாங்க ஆஸ்பத்திரி. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக் கிளினிக்கில் காட்டி, தேவைப்பட்டால் கொழும்பு தேசிய வைத்தியசாலை போன்ற பெரிய இடங்களில் இருக்கும் இரத்தக்குழாய் சத்திரசிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் வாங்கலாம். சிகிச்சை இலவசம். அங்கே நாம் செலவழிப்பது காலத்தைத்தான், ஏனென்றால் உயிருக்கு ஆபத்தில்லாத வருத்தம் வரிசையில் பின்னுக்குப் போகும். வழக்கமான சத்திரசிகிச்சையில் தொடை இடுக்கில் ஒரு வெட்டுப் போட்டு, கெட்ட நாளத்தைக் கட்டி, உருவி எடுப்பார்கள். பழைய முறை என்று அதை ஒதுக்க வேண்டாம். ஏன் என்று கீழே வருகிறது.

மூன்றாவது, காசு கொடுத்து தனியாரில் செய்வது. சனல் பண்ணி (முன்பதிவு செய்து) நிபுணரைக் கண்டு, நாளத்தில் இரத்தம் ஓடும் விதத்தைக் காட்டும் டூப்ளெக்ஸ் ஸ்கேன் எடுத்து, லேசர் அல்லது ரேடியோ அலைச் சூட்டால் நாளத்தை உள்ளிருந்தே மூடிவிடுவார்கள். விறைப்பூசியோடு முடியும், அன்றே வீட்டுக்குப் போகலாம். நுரை மருந்தை நாளத்துக்குள் ஏற்றும் ஃபோம் ஊசி, நாளத்தை ஒட்டி மூடும் மருத்துவப் பசை என்ற முறைகளும் உண்டு. வசதி இருப்பவர்களுக்கு இது நல்ல வழி. ஆனால் நகையை அடகு வைத்துச் செய்யும் அளவுக்கு அவசரமான வருத்தம் சி2 நிலையில் இது இல்லை என்பது என் கருத்து.

நம்மிடம் சித்த வைத்தியமும் இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. அங்கே போகிறவர்களும் ஸ்கேன் ஒன்றை எடுத்துக்கொண்டு போவது நல்லது. ஆழ்நாளத்தில், அதாவது காலின் உள்ளே ஆழத்தில் ஓடும் நாளத்தில், இரத்தக்கட்டி இருக்கும் காலை எண்ணெய் போட்டு உருவக் கூடாது.

இனி ட்ரயல். "வெரிகோஸ் ட்ரயல்" என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே இருப்பவை ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்டவை. எனக்கு இதுதான் இந்த விடயத்தின் நடுப்பகுதியாகத் தெரிகிறது.

சில ஆய்வுகள் ஏற்கெனவே நடைமுறையில் உள்ள இரண்டு சிகிச்சைகளை ஒப்பிடுபவை. லேசரா, சத்திரசிகிச்சையா என்பது போல. இதற்கு நல்ல உதாரணம் பிரித்தானியாவில் 11 மையங்களில் 798 பேரோடு நடந்த கிளாஸ் ஆய்வு. அதன் முடிவு 2014இல் வெளிவந்தது. லேசர், ஃபோம், சத்திரசிகிச்சை மூன்றையும் ஒப்பிட்டார்கள். ஆறு மாதத்தில் லேசரும் சத்திரசிகிச்சையும் நோயாளியின் அன்றாட வாழ்வுக்கு ஏறத்தாழ ஒரே அளவு பலன் தந்தன. ஃபோம் கொஞ்சம் பின்னால் நின்றது. சிகிச்சையோடு வந்த சிக்கல்கள் லேசரில் 1 சதவீதம், ஃபோமில் 6, சத்திரசிகிச்சையில் 7. ஐந்து வருடம் கழித்து 2019இல் வந்த முடிவிலும் ஃபோம்தான் பின்தங்கியது. இப்படியான ஆய்வு ஒன்றுக்கு உங்களைக் கேட்டால், எந்தக் குழுவில் விழுந்தாலும் தெரிந்த, கைபழகிய சிகிச்சை ஒன்று கிடைக்கும். பயப்பட அதிகம் இல்லை. பிரித்தானியாவில் 2013ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டி முதலில் லேசர், ரேடியோ அலை போன்ற சூட்டு முறை, அது பொருந்தாவிட்டால் ஃபோம், அதுவும் முடியாவிட்டால் சத்திரசிகிச்சை என்று வரிசைப்படுத்தியிருக்கிறது. ஆனால் சத்திரசிகிச்சை மட்டும் கிடைக்கும் இடத்தில் இருப்பவர் தோற்றுப்போனவர் அல்ல என்பதைத்தான் கிளாஸ் எண்கள் சொல்கின்றன.

இன்னொரு வகை, சிகிச்சையைச் செய்வதையும் தள்ளிப்போடுவதையும் ஒப்பிடுவது. 2006இல் வெளிவந்த ரியாக்டிவ் என்ற பிரித்தானிய ஆய்வில் 246 பேரைச் சத்திரசிகிச்சைக்கும், ஸ்டொக்கிங்ஸ், ஆலோசனை முதலியவற்றுக்கும் என்று பிரித்தார்கள். சத்திரசிகிச்சை பெற்றவர்களே நன்றாக இருந்தார்கள். பிறகு ஈவ்ரா என்ற பிரித்தானிய ஆய்வு. அதில் ஆறாத கால்புண் உள்ள 450 பேர். ஒரு பாதிக்கு இரண்டு வாரத்துக்குள் நாளத்தை மூடினார்கள். மறுபாதிக்குக் கட்டுப்போட்டு, புண் ஆறிய பிறகோ ஆறு மாதம் கழிந்த பிறகோ மூடலாம் என்று விட்டார்கள். முதல் குழுவில் பாதிப் பேரின் புண் ஆற எடுத்த காலம் 56 நாள், மற்றக் குழுவில் 82 நாள். இது 2018இல் தெரிந்த முடிவு. ஆகவே இன்று புண்ணோடு இருக்கும் ஒருவரிடம் "பொறுத்துப் பார்க்கும் குழு" உள்ள ஆய்வு ஒன்றை யாராவது நீட்டினால் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: காத்திருப்பவர்களின் புண்ணுக்கு இடையில் என்ன செய்வீர்கள், எவ்வளவு காலம்?

மாத்திரை ஆய்வுகள் வேறு. நாளத்துக்கு வலு தரும் என்று டயோஸ்மின், ஹெஸ்பெரிடின் கலந்த மாத்திரைகள் ஏற்கெனவே விற்பனையில் இருக்கின்றன. புதியது ஒன்றைச் சோதிக்கும்போது பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுக்கப்படலாம். யாருக்கு எது என்பது உங்களுக்கும் தெரியாது, பார்க்கும் டொக்டருக்கும் தெரியாது. சி2, சி3 நிலையில் சில மாதங்கள் அப்படி இருப்பதால் கால் கெட்டுப்போகாது. எனினும் அந்தக் காலத்தில் ஸ்டொக்கிங்ஸ் போடலாமா, சத்திரசிகிச்சை வரிசையில் உங்கள் இடம் பறிபோகுமா என்று கேட்டே ஆக வேண்டும். வரிசையில் பல மாதம் நின்றவர் ஆய்வு முடிந்து திரும்பவும் கடைசியில் போய் நிற்பது நியாயமில்லை.

புதிய கருவி, புதிய பசை என்று வரும் ஆய்வுகளில்தான் அதிகம் நிதானிக்க வேண்டும். அமெரிக்காவில் 222 பேரோடு நடந்த ஆய்வில் ஒரு வகைப் பசை மூன்று மாதத்தில் ரேடியோ அலைச் சூட்டுக்குக் குறையாமல் நாளத்தை மூடியது. 2015இல் அங்கே அனுமதியும் கிடைத்தது. அது நல்ல செய்திதான். ஆனால் பசை உடம்புக்குள்ளேயே நீண்ட காலம் தங்கும், சிலருக்கு ஒவ்வாமையாகத் தோல் சிவந்து வீங்கும். இப்படியான பொருளைச் சோதிக்கிறவர்கள் மூன்று மாதத்தில் கணக்கை மூடினால் எனக்குத் திருப்தி வராது. எத்தனை வருடம் பின்தொடர்வீர்கள் என்று கேளுங்கள்.

கடைசியாக, கேள்வித்தாள் நிரப்பி, ஒரு ஸ்கேனோடு முடியும் அவதானிப்பு ஆய்வுகள். சிகிச்சை மாறாது. நேரம் இருந்தால் தாராளமாகச் சேருங்கள். நம் பகுதியில் நின்று வேலை செய்வோரின் கால்களைப் பற்றி எழுதப்படும் ஒவ்வொரு பக்கமும் நம்மவர்களுக்கே பயன்.

சரி, நம்மில் பலருக்குப் பிடிபடாத ஒரு விடயம்: ட்ரயலில் உங்களுக்கு எது நல்லது என்று டொக்டர் தேர்ந்தெடுப்பதில்லை. நாணயம் சுண்டிப் போடுவது போல கம்பியூட்டர் ஒன்று குழுவைத் தீர்மானிக்கும். இரண்டில் எது மேல் என்று உண்மையாகவே தெரியாதபோதுதான் அப்படிச் செய்வது அறமாகும். எனவே உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியது, "எனக்குப் பிடித்த குழு கிடைக்குமா" என்பதை அல்ல. "பிடிக்காத குழு கிடைத்தாலும் எனக்குச் சம்மதமா" என்பதையே. லேசர் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் மட்டும் சேர்ந்து, மற்றக் குழுவில் விழுந்ததும் விட்டுப் போவதால் உங்களுக்கும் மனவருத்தம், ஆய்வுக்கும் கேடு. அப்படி நினைப்பவர் சேராமல் இருப்பதே நேர்மை.

அடுத்தது தூரம். இங்கேதான் திருகோணமலைக்காரர் கணக்கு முற்றாக மாறுகிறது. இப்படியான ஆய்வுகள் பெரும்பாலும் பல்கலைக்கழகமும் நிபுணர்களும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் நடக்கும். கொழும்பு ஏறக்குறைய 260 கிலோமீட்டர். பஸ்ஸில் ஆறு ஏழு மணித்தியாலம். ஒரு வாரத்தில், ஒரு மாதத்தில், ஆறு மாதத்தில், ஒரு வருடத்தில் என்று ஸ்கேனுக்கு வரச் சொல்வார்கள். குச்சவெளியிலோ மூதூரிலோ இருப்பவருக்கு டவுணுக்கு வந்து சேர்வதே முதல் பயணம். நாட்கூலிக்காரருக்கு ஒவ்வொரு வருகையும் உழைப்பில்லாத நாள். நாளம் மூடிய அடுத்த நாளே காலைத் தொங்கப்போட்டபடி அவ்வளவு நேரம் உட்கார்ந்து வருவது இரத்தக்கட்டி வரும் அபாயத்தையும் கூட்டும். அதனால் போக்குவரத்துச் செலவு தருவீர்களா, தங்க இடம் உண்டா, இடைப்பட்ட ஸ்கேன்களைத் திருகோணமலையிலோ மட்டக்களப்பிலோ எடுக்கலாமா என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பயணச் செலவைத் திருப்பித் தருவது வழக்கமான, முறையான விடயம். கேட்க வெட்கப்பட ஒன்றும் இல்லை. மறுபக்கம், ஆய்வில் சேர நீங்கள் காசு கட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடுங்கள்.

தமிழ்நாட்டுக்குப் போய் சிகிச்சை செய்கிறவர்கள் நம்மில் உண்டு. ஒரு தடவை போய்ச் செய்துகொண்டு வருவதற்கு அது சரி. அங்கே ட்ரயலில் சேர்வதற்கு நான் யாரையும் தூண்டமாட்டேன். விசாவும் விமானமும் எடுத்து ஒரு வருடம் பின்தொடர்தலுக்குப் போக யாரால் முடியும்? ஆறு மாதம் கழித்து ஒரு சிக்கல் வந்தால் பொறுப்பான டொக்டர் கடலுக்கு அப்பால் இருப்பார்.

இலங்கையில் நடக்கும் ஆய்வு முறையானதா என்று பார்ப்பது கடினம் அல்ல. இலங்கை மருத்துவச் சங்கம் 2006 முதல் கிளினிக்கல் ட்ரயல் பதிவேடு ஒன்றை நடத்துகிறது. உலக சுகாதார அமைப்பின் பதிவேட்டு வலையமைப்பிலும் அது இருக்கிறது. எஸ்.எல்.சி.டி.ஆர். என்று தொடங்கும் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, இணையத்தில் போட்டால் ஆய்வை யார் நடத்துகிறார், எத்தனை பேர், எதை அளக்கிறார்கள் என்பது தெரியும். வீட்டுப் பிள்ளைகள் இதை நிமிடத்தில் செய்து தருவார்கள். அறநெறிக் குழுவின் ஒப்புதல் கட்டாயம் இருக்க வேண்டும். புதிய மருந்து, கருவி என்றால் 2015ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் அனுமதியும் தேவை. சித்த, ஆயுர்வேத ஆய்வென்றாலும் அறநெறி ஒப்புதலும் உங்கள் சம்மதமும் இல்லாமல் நடத்த முடியாது.

ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நீட்டி "இதில ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்" என்றால் போடாதீர்கள். தமிழ்ப் படிவத்தைக் கேட்பது உங்கள் உரிமை. வாசிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும். படிவத்தின் ஒரு பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். ஆய்வால் காலுக்கு ஏதும் நேர்ந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, இழப்பீட்டுக்குக் காப்புறுதி இருக்கிறதா, இரவில் வலித்தால் எந்த இலக்கத்துக்கு எடுப்பது என்பவை அதில் எழுதியிருக்க வேண்டும். வாயால் சொன்னது போதாது.

நம் ஊர் வழக்கத்தில் கஷ்டமானது வேறொன்று. வைத்தியம் பார்க்கிற டொக்டரே ஆய்வையும் நடத்தினால் அவர் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாய் வராது. மரியாதைக் குறைவு என்று நினைப்போம், பிறகு நம்மைக் கவனிக்கமாட்டாரோ என்றும் பயப்படுவோம். "வீட்ட கதைச்சுப்போட்டு அடுத்த கிளினிக்குக்கு வந்து சொல்லுறன் டொக்டர்" என்ற ஒரு வரி போதும். நல்ல ஆய்வாளர் அதை வரவேற்பார். அந்த அவகாசத்தைத் தர மறுக்கிறவரின் ஆய்வில் சேர வேண்டியதில்லை. சேராதவருக்கு வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது என்பது 1964இல் உருவாகி 2024 வரை திருத்தப்பட்டு வந்த, மருத்துவ ஆய்வு அறநெறி பற்றிய ஹெல்சிங்கிப் பிரகடனத்தில் இருக்கிற விடயம்.

யாருக்கு எது என்று கேட்டால் நான் இப்படிச் சொல்வேன். சி2 நிலையில் வலி கொஞ்சமாக, டவுணிலேயே இருந்து, லீவு எடுக்கக்கூடிய ஓர் ஆசிரியைக்கு, தெரிந்த இரண்டு சிகிச்சைகளை ஒப்பிடும் பதிவான ஆய்வு ஒன்று கிடைத்தால் சேரலாம். அவருக்கு ஸ்கேனும் நிபுணரின் கவனிப்பும் ஒழுங்காகக் கிடைக்கும், இழப்பதற்கு அதிகம் இல்லை. தோல் கறுத்த சி4 காரர் முதலில் சத்திரசிகிச்சைக் கிளினிக்கில் பதிந்து தன் இடத்தைப் பிடித்துக்கொண்டு, அது குலையாத ஆய்வானால் மட்டும் யோசிக்கட்டும். மூதூரில் புண்ணோடு கடலுக்குப் போகிற ஒருவர் எந்த ஆய்வு வரும் என்றும் காத்திருக்க வேண்டாம், இந்தக் கிழமையே கிளினிக்குக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகளையும், முன்பு ஆழ்நாள இரத்தக்கட்டி வந்தவர்களையும் பெரும்பாலான ஆய்வுகள் சேர்ப்பதில்லை. அதற்காகத் தன் வருத்த வரலாற்றை மறைத்துச் சேர்வது உயிரோடு விளையாடுவது. ஒரு கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சு இரைத்தாலோ அது எந்த ஒப்பீட்டுக்கும் நேரமில்லாத நிலை, 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். புடைத்த நாளம் வெடித்து இரத்தம் ஓடினால் படுத்து, காலை உயர்த்தி, துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டே அழையுங்கள்.

சேர்ந்த பிறகு மனம் மாறினாலும் எந்த நேரமும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சும்மா போகாமல் நின்றுவிடாதீர்கள். விலகுகிறேன் என்று சொல்லி, காலைக் கடைசியாக ஒருமுறை காட்டுங்கள். என்ன சிகிச்சை செய்தார்கள், எந்த நாளத்தை எந்தத் திகதியில் மூடினார்கள், ஸ்கேனில் என்ன தெரிந்தது என்பதை உங்கள் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். பிறகு திருகோணமலையில் உங்களைப் பார்க்கப்போகும் டொக்டருக்கு அந்தப் பக்கம் தேவைப்படும்.